வெறும் கொள்கலன் என்று நான் கையெழுத்து வைத்த நாள்

என்னைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கியது ஒரு மீன் ரோல்ஸ்தான்.

வவுனியாவில் ஒரு மண்டபத்தில், வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புகிறவர்களுக்காகச் சுங்கத்தினர் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். எங்கள் மா ஆலையின் முதலாளி அக்கா அதற்குப் போனார். களஞ்சியப் பொறுப்பாளன் என்ற முறையில் பைலைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பதினொரு மணிக்குத் தேநீரும் ரோல்ஸும் சுற்றி வந்தன. ஒன்றை முடித்துவிட்டு, தட்டோடு நகர்ந்துகொண்டிருந்தவரின் கவனத்தை இழுக்கக் கையைத் தூக்கினேன். அதே நேரம் பார்த்து மேடையில் நின்ற அதிகாரி, "உங்கட கம்பனியில பாதுகாப்புக்குப் பொறுப்பா ஆர் நிக்கப் போறீங்க? கையத் தூக்குங்க" என்று கேட்டிருக்கிறார். மண்டபத்தில் தூக்கியிருந்தது என் கை மட்டும்தான்.

"நல்லது. அந்த நீலச் சேட்டுக்காரர். கண்டாவளை மா ஆலை" என்று எழுதிக்கொண்டார்.

ரோல்ஸ் வரவில்லை. பதவி வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீர் எப்பிடியும் களஞ்சியத்திலை சும்மாதானே நிக்கிறீர். இனிப் பொறுப்போடை சும்மா நில்லும்" என்றார்.

எங்கள் ஆலையில் சிவப்புப் பச்சையரிசியை இடித்து, வறுத்து, மாவாக்கிப் பையில் அடைக்கிறோம். கூடவே மிளகாய்த்தூள், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா. மூன்றும் தூள். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் ஒரு சோதனை அதிகாரியின் கையைத் துருதுருக்க வைக்கக்கூடிய சரக்கு. போன தடவைகளில் எங்கள் கொள்கலன்கள் கொழும்பில் திறக்கப்பட்டன, பெட்டிகள் இறக்கப்பட்டன, சில பைகள் குத்திப் பார்க்கப்பட்டன. அது அவர்களின் வேலை. குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் கப்பல் போய்விடும். தீபாவளிக்குப் போக வேண்டிய மா தைப்பொங்கலுக்குப் போய்ச் சேரும். மெல்பேர்ணில் எங்கள் பொருளை எடுக்கும் கடைக்காரர் பரந்தன் பக்கத்து மனுசன்தான். அவரே கடைசியில் பொறுமை இழந்து அக்காவுக்கு ஒரு குரல் செய்தி போட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அடுத்த கொன்ரெய்னரும் பிந்திச்செண்டால் நான் வேறை இடத்திலைதான் எடுக்கவேணும்."

எங்களுக்கு அவரை விட்டால் வேறு பெரிய கடை இல்லை. ஆலையில் இருபத்துச் சொச்சம் பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தக் குரல் செய்தியை அக்கா ஒருதரம்தான் போட்டுக் காட்டினார். பிறகு இரண்டு நாள் மா வறுக்கும் கொட்டிலில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை.

ஆகையால் அந்த வவுனியாக் கூட்டம் எங்களுக்கு வெறும் ரோல்ஸ் கூட்டமல்ல. மேடையில் நின்ற அதிகாரி முல்லைத்தீவைச் சொந்த இடமாகக் கொண்ட முஸ்லிம் பெண். சின்ன வயதிலேயே இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவர் விளக்கியது இதுதான்: துறைமுகத்தில் வைத்து எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க ஏலாது. பொருள் வெளிக்கிடும் இடத்திலிருந்தே வியாபாரி காவல் காக்க வேண்டும். யார் வந்தார், யார் போனார், கொள்கலனுக்குள் என்ன ஏறியது, யார் பூட்டினார் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்து காட்டுகிறவரைச் சுங்கம் நம்பும். அவருடைய கொள்கலனை எடுத்ததுக்கெல்லாம் திறக்காது. இரண்டு பக்கமும் பங்காளிகள்.

"நாங்க உங்கள நம்புறம்" என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சிறு அசைவு. பக்கத்தில் இருந்த கருவாட்டு வியாபாரி என் காதுக்குள், "ஏன் தம்பி, உதிலை ஏதும் உள்வீடு இருக்கோ, பொறி வைக்கினமோ?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அந்த மண்டபத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற ஓமந்தையில், யுத்தகாலச் சோதனைச் சாவடியில், ஒரு காலத்தில் பையை அவிழ்த்து, பொதியை அவிழ்த்து, பிள்ளையின் பால்மாப் பேணியைக்கூடத் திறந்து காட்டிவிட்டுப் போய்வந்தவர்கள் நாங்கள். சோதிக்கப்படுகிற கலையில் எங்களுக்குப் பட்டமே தரலாம். நம்பப்படுவதில்தான் அனுபவம் போதாது.

வந்ததும் வேலையைத் தொடங்கினேன். இரும்புக் கேற்றடியில் ஒரு மேசை, கதிரை, பெரிய கொப்பி. கொப்பியில் வந்தவர், வந்த நோக்கம், வந்த நேரம், போன நேரம், அடையாள அட்டை இலக்கம், கூட்டிச் சென்றவர் என்று கோடு கீறினேன். எங்கள் ஊரில் ஒருவர் ஒரு இடத்துக்கு நோக்கத்தோடு வருவது அபூர்வம் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். முதல் வாரம் முழுக்க, வந்த நோக்கம் என்ற நிரலில் "சும்மா", "சும்மா", "சும்மா" என்றே இருந்தது. ஒருவர் மட்டும் "அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க" என்று எழுதியிருந்தார். அவன் என்றது என்னை.

பொதி கட்டும் பகுதிக்குப் பொறுப்பான பெண்மணியை நாங்கள் எல்லாரும் மாமி என்போம். அவருக்கும் எனக்கும் இந்தக் கொப்பி பெரிய வழக்காகிவிட்டது.

"நான் கேற்றுக்கு வெளியிலை வெத்திலை துப்பிப்போட்டு வாறதுக்கும் கையெழுத்தோ?"

"ஓம் மாமி. போன நேரம், வந்த நேரம்."

"அப்ப துப்பின நேரம்?"

சுவரில் ஒரு அறிவித்தலும் ஒட்டினேன். மிஸ் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது. அவுஸ்திரேலியாக்காரர் சப்பாத்தில் ஒட்டின மண்ணையே நாட்டுக்குள் விடமாட்டார்கள். என் கையாலேயே, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: "கொள்கலனுக்குள் மண், வைக்கோல், சாணம் எக்காரணம் கொண்டும் செல்லக்கூடாது." எக்காரணம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டையும் நினைவில் வைத்திருங்கள்.

மிஸ் முதல் தடவை ஆலையைப் பார்க்க வந்தபோது எங்கள் மானத்தை வாங்கியது பக்கத்து வீட்டுப் பசு. பின்வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, களஞ்சிய வாசலில் நின்று, ஏற்றுமதிப் பெட்டி ஒன்றின் மட்டையை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது.

"இவ கொப்பியில இருக்காவா?" என்று கேட்டார் மிஸ்.

"இல்லை மிஸ். இவா வழமையான ஆள்."

"வழமையான ஆளுக்கும் ஒரே வாசல்தான்."

அன்று பின்னேரமே பொட்டை அடைத்தேன். கம்பி வலை, கட்டை எல்லாம் போட்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுமையாகச் செய்தேன். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

வாகனம் போகும் பாதையையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இடையில் எங்கும் நிற்கக்கூடாது என்று படிவத்தில் இருந்தது. எங்கள் லொறிச் சாரதி அண்ணை அதை வாசித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"முறிகண்டியிலை நிக்காமல் நான் வாகனம் ஓட்டேலாது. வேறை சாரதி பாருங்கோ."

வேறு சாரதி பார்த்தாலும் அவரும் நிற்பார். வன்னிக்குள்ளால் போகிற எந்தச் சாரதியும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடாமல் கடக்கமாட்டான். தயங்கித் தயங்கி மிஸ்ஸுக்கு எழுதினோம். பதில் வந்தது: "முறிகண்டி, பத்து நிமிடம், அனுமதி. சாரதி வாகனத்தைப் பார்வையில் வைத்திருக்க வேண்டும்." சாரதி அண்ணை அந்தக் கடிதத்தைப் படமெடுத்துத் தன் தொலைபேசியில் வைத்துக்கொண்டார். பிள்ளையாரைக் கும்பிட அரசாங்க அனுமதி வைத்திருக்கிற ஒரே ஆள் தானே என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. புதிய முறையில் நாங்கள் அனுப்பும் முதல் கொள்கலன். கடைக்காரரின் கடைசிப் பொறுமையும் அதுதான்.

விடிந்ததும் லொறி வெறும் கொள்கலனோடு வந்து நின்றது. ஏற்ற முன் ஏழு இடம் பார்க்க வேண்டும்: முன் சுவர், இடது, வலது, தரை, கூரை, கதவு, அடிப்பக்கம். கள்ள அறை ஏதும் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒரு சுத்தியல். நான் உள்ளே நின்று தட்டிய தட்டில் ஊர் நாயெல்லாம் பதில் சொல்லிற்று. ஏழும் சரி. படம் எடுத்தேன். "ஏற்றுமுன் கொள்கலன் வெறுமையாக இருந்தது" என்ற வரிக்குக் கீழே நீளமாக, சுழித்து, ஒரு கையெழுத்து வைத்தேன்.

அப்போது அக்கா வந்தார். முகத்தில் நித்திரை இல்லாத களை.

"தம்பி, நல்ல நேரம் முடியப்போகுது. ஒரு பிள்ளையார் பிடிச்சு வையும். வைச்சிட்டு முதல் பெட்டியை ஏத்துவம்."

இது சொல்லித் தர வேண்டிய காரியமல்ல. வீட்டுக்கு அத்திவாரம் என்றாலும், வயலில் ஏர் இறக்குவதென்றாலும், எங்களுக்கு முதலில் ஒரு பிடி சாணகம் வேண்டும். அதை உருட்டிப் பிடித்து உச்சியில் அறுகம்புல் குத்தினால் பிள்ளையார். ஆனால் ஆலை வளவுக்குள் சாணகம் இல்லை. பொட்டைத்தான் நான் அடைத்துவிட்டேனே. பக்கத்து வீட்டுக்கு ஓடி, அந்தப் பசுவிடமே போய், வாழையிலைத் துண்டில் ஏந்திக்கொண்டு கேற்றால் வந்தேன். கொப்பியைக் கடந்தேன். சிவப்பு மை அறிவித்தலைக் கடந்தேன். இரண்டு கோட்டையும் கடந்தேன்.

இதை எப்படி விளக்குவதென்று பலநாள் யோசித்திருக்கிறேன். அறுகம்புல்லைக் குத்தின கணத்திலிருந்து என் கண்ணுக்கு அது சாணகம் இல்லை. சாணகத்தை உள்ளே கொண்டுபோகாதே என்றுதான் எழுதியிருந்தேன். பிள்ளையாரைக் கொண்டுபோகாதே என்று நான் ஏன் எழுதப் போகிறேன்?

கொள்கலனின் உள் மூலையில், முன் சுவரோரமாக, வாழையிலையோடு அவரை வைத்தேன். கற்பூரம் கொளுத்தவில்லை. தீப்பாதுகாப்பு விதி எனக்கு நன்றாகத் தெரியும். கும்பிட்டோம். அக்கா முதல் பெட்டியை வைத்தார். ஏற்றுகிறவர்கள் கடகடவென்று ஏற்றத் தொடங்கினார்கள். நான் வெளியே நின்று கால் பங்கு, அரைப் பங்கு, முழுப் பங்கு என்று படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவைச் சாத்தி, விரல் மொத்தத்தில், இலக்கம் பொறித்திருக்கிற இரும்புச் சீல் பூட்டை நானே அடித்தேன். இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். லொறி வெளிக்கிட்டது. வாழ்க்கையில் ஒருதரம் சரியாக ஒன்றைச் செய்த மனுசனைப் போல் கதிரையில் காலை நீட்டி இருந்தேன்.

தேநீர் நேரம் மாமி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார்.

"பிள்ளையாரைத் தாரும். கிணத்தடியிலை கரைச்சுவிடுவம். வெய்யிலிலை காய விடக்கூடாது."

என் வாய்க்குள் இருந்த தேநீர் அங்கேயே நின்றது.

"என்ன தம்பி? எங்கை வைச்சனீர்?"

"மாமி... அவர்... போயிட்டார்."

"எங்கை போயிட்டார்?"

"மெல்பேர்ணுக்கு."

மாமி செம்பைக் கீழே வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். எக்காரணம் கொண்டும் என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

ஏற்றின இரண்டு பேரையும் பிடித்துக் கேட்டேன். "ஓம் அண்ணை, கண்டனாங்கள்" என்றான் மூத்தவன். "அவரும் கூட வாறார் எண்டுதான் நினைச்சனாங்கள். பெட்டி முட்டாமல் சுத்திவர இடம்விட்டு அடுக்கினனாங்கள்." மரியாதை தெரிந்த பிள்ளைகள். அவர்களை எதற்கு ஏசுவது?

அக்காவிடம் போனேன். சொன்னேன். அவர் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. கையில் இருந்த பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.

எனக்குள் இருந்த சாத்தான் நல்ல தமிழில் கதைத்தது. படங்களில் பிள்ளையார் இல்லை. வெறும் கொள்கலனின் படம் அவர் வருமுன் எடுத்தது. கதைக்காமல் விட்டால் மெல்பேர்ணில் கதவைத் திறப்பது எங்கள் ஊர் மனுசன். கும்பிட்டுவிட்டு எடுத்து வைப்பான்.

"அக்கா, அங்கை திறக்கிறது எங்கடை ஆள்தானே..."

"அவருக்கு முதல் அந்த நாட்டுச் சோதனைக்காரர் திறந்தால்?"

அக்கா பேனையை மேசையில் வைத்தார்.

"சாப்பாட்டுச் சாமான் பெட்டிக்குப் பக்கத்திலை சாணகம். முழுக் கொன்ரெய்னரையும் திருப்பி அனுப்புவாங்கள். கடைக்காரர் போவார். நாங்களும் போவம். பிள்ளையார் வைக்கச் சொன்னது நான்தான்" என்றார். பிறகு என் பக்கம் தொலைபேசியை நகர்த்தினார். "ஆனால் வெறுமையா இருந்தது எண்டு கையெழுத்து வைச்சது ஆர்?"

முதலில் சாரதி அண்ணைக்கு எடுத்தேன். அவர் அனுமதிக்கப்பட்ட பத்து நிமிடத்தில், அனுமதிக்கப்பட்ட இடத்தில், கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, வெளிக்கிடாதேங்கோ. உள்ளுக்கை ஒரு பிள்ளையார் இருக்கிறார்."

"ஓம், இப்பதான் கும்பிட்டுப்போட்டு வாறன்."

"கோயிலுக்குள்ளை இல்லை. கொன்ரெய்னருக்குள்ளை."

கச்சான் கொறிக்கும் சத்தம் நின்றது.

அடுத்தது மிஸ். தொலைபேசி அடித்த ஒவ்வொரு அடிக்கும், அவர் எடுக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டுவது என்பதில்கூட அன்று ஒரு குழப்பம். எடுத்துவிட்டார்.

"மிஸ், ஒரு சின்ன விஷயம். கொன்ரெய்னர் வெறுமையா இருந்தது எண்டு நான் எழுதினது சரி. ஆனால் எழுதினாப் பிறகு ஒராள் உள்ளை போனவர்."

"ஆள் உள்ள இருக்காரா?" குரல் ஒரேயடியாக மாறியது.

"ஐயோ, ஆள் இல்லை மிஸ். பிள்ளையார்."

"சிலையா?"

"பிடிச்சு வைச்ச பிள்ளையார்."

"என்னத்தால பிடிச்சது? மஞ்சள்லயா?"

ஒரு நொடி. ஓம் என்று சொல்லிவிட்டால் பாதி வழக்குத் தீர்ந்திருக்கும். மஞ்சள் எங்கள் மிளகாய்த்தூளிலேயே இருக்கிறது. அக்கா எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை மிஸ். சாணகத்தாலை."

அந்தப் பக்கத்திலிருந்து அடக்கமாட்டாமல் வெளிப்பட்ட ஒரு மூச்சு. மனுசி சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை.

"அறுகம்புல்லும் குத்தியிருக்கீங்களா?"

"ஓம் மிஸ்."

"எங்கட வாப்பா முல்லைத்தீவுல கடை வச்சிருந்தவர். பக்கத்துக் கடை ஐயா புதுக்கணக்கு அண்டைக்கு இப்படித்தான் ஒண்டு வைப்பாராம். எனக்கு விளங்குது. அவுஸ்திரேலியாக்காரனுக்கு விளங்காது. இப்ப சொல்லுங்க, சீல உடைச்சிட்டீங்களா?"

"இல்லை மிஸ். வாகனம் முறிகண்டியிலை நிக்குது."

"உடைக்கவேணாம். ஆலைக்குத் திருப்புங்க. கேற்றுக்குள்ள எடுத்து, ரெண்டு பேர் நிண்டு, சீல் இலக்கத்தப் படமெடுத்து அனுப்புங்க. நான் சரி எண்டு சொன்ன பிறகு வெட்டுங்க. எல்லாத்தையும் கொப்பியில எழுதுங்க. என்ன நடந்தது, ஆர் வச்சது, ஆர் கண்டது. மறைக்காம எழுதுங்க."

"மிஸ், எங்கடை பேரை வெட்டிப்போடுவீங்களோ?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "என்ட பைல்ல ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு பக்கம் இருக்கு. நடந்த பிழைய அவங்களே வந்து சொன்னா எழுதுறதுக்கு. இதுவரைக்கும் எல்லாப் பக்கமும் வெள்ளை. வெள்ளையப் பாத்தாத்தான் எனக்குப் பயம். இண்டைக்கு ஒரு பக்கத்துல எழுதப் போறன். ஆனா துறைமுகத்துல திறக்கமாட்டாங்க எண்டு நான் வாக்குத் தரமாட்டன். அது என்ட கையில மட்டும் இல்ல."

தொலைபேசியை வைத்ததும் கொப்பியை எடுத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினேன். மாமி பின்னால் கதிரையைத் தள்ளிவிட்டார்.

லொறி திரும்பி வந்தது. சீலின் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். "சரி, வெட்டுங்க" என்று பதில் வந்தது. காலையில் பெருமையோடு அடித்த சீலை, பெரிய கத்தரி ஒன்றை இரண்டு கையாலும் அமத்தி நானே வெட்டினேன். பிறகு எங்கள் சரக்கை இறக்கத் தொடங்கினோம். கொழும்பில் எந்தக் காட்சியை ஒருநாளும் பார்க்கக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டோமோ, அதையே எங்கள் முற்றத்தில், எங்கள் கையாலேயே செய்தோம். மா வறுக்கிற பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. பகிடிக்குக் குறைவுமில்லை. "இனி எங்கடை பாதுகாப்பு அதிகாரியையும் ஒருக்காத் தட்டிப் பாக்கவேணும், உள்ளுக்கை ஏதும் இருக்கோ எண்டு" என்றாள் ஒருத்தி. "தட்டினன். வெறுமைதான்" என்றார் மாமி.

கடைசி வரிசைப் பெட்டியை எடுத்தபோது அவர் தெரிந்தார். இரண்டு பக்கம் கொள்கலன் சுவர், இரண்டு பக்கம் பெட்டிச் சுவர். நடுவில் ஒரு சின்ன அறை. அறுகம்புல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மற்றபடி போகும்போதும் வரும்போதும் ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறார். பெட்டிகளில் ஒரு பொட்டும் படவில்லை. வாழையிலையோடு ஏந்தி மாமியிடம் கொடுத்தேன். அவர் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்து, என்னைப் பார்த்து, "போன நேரம் எழுதும்" என்றார்.

மூலையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டோம். மறுபடி ஏழு இடமும் தட்டினேன். இந்தமுறை அக்காவும் என்னோடு உள்ளே வந்து நின்றார். மறுபடி ஏற்றினோம். புதுச் சீல், புது இலக்கம், புதுப் படம். மிஸ் எழுதினார்: "உள்ளே வேறு எவரும்?" நான் எழுதினேன்: "இல்லை மிஸ். நான் வெளியில்தான் நிற்கிறேன்."

வெயில் சாயும் நேரம் லொறி இரண்டாம் முறையாக வெளிக்கிட்டது. முறிகண்டியில் மறுபடி நிற்க அனுமதி உண்டா என்று சாரதி அண்ணை கேட்டார். அதையும் மிஸ்ஸிடம் கேட்டோம். உண்டாம்.

அடுத்த நாள் நான் எதையும் செய்யவில்லை. அதாவது வழமையாகச் செய்யாததைவிடக் கூடுதலாகச் செய்யவில்லை. கேற்றடியில் இருந்தேன், தொலைபேசியைப் பார்த்தேன். அக்கா உள்ளே இருந்து அரை மணிக்கொருதரம் வந்து, தண்ணீர் குடிக்க வந்தவரைப்போல நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் குடிக்கவில்லை. கொட்டிலுக்குள் வறுக்கும் அகப்பைச் சத்தம் மட்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது தொலைபேசி அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன்.

"தம்பி, துறைமுகத்துக்குள்ளை போயிட்டுது" என்றார் சாரதி அண்ணை. "சீலைப் பாத்தாங்கள். இலக்கத்தைப் பாத்தாங்கள். ஒருத்தரும் திறக்கேல்லை. கப்பலுக்குப் போற பக்கம் விட்டிட்டாங்கள்."

"திறக்கேல்லையோ?"

"திறக்கேல்லை எண்டிறன். நீர் என்ன, திறக்கவேணும் எண்டோ நிண்டனீர்?"

நான் அக்காவின் அறைப்பக்கம் திரும்பினேன். கையைத் தூக்கினேன், ரோல்ஸுக்குத் தூக்கினதுபோல. அக்கா விளங்கிக்கொண்டார். கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டப் போனால், சிரிக்கிறார். "சாணகத்தாலை மிஸ்" என்று என் குரலில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். முந்தின நாள் சிரிக்க முடியாமல் போனதை எல்லாம் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். கொட்டிலுக்குள் யாரோ பாட்டுத் தொடங்கினார்கள். அன்று நான் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கை தூக்கத் தேவைப்படவில்லை.

பெட்டிகள் மெல்பேர்ணுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் அனுப்பிய குரல் செய்தியில் அடுத்த கொள்கலன் எப்போது என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. அக்கா அதை எல்லாருக்கும் கேட்கும்படி திரும்பத் திரும்பப் போட்டார்.

பின்னர் மிஸ் மறுபடி ஆலைக்கு வந்தார். நடந்ததற்குப் பிறகு என்ன மாற்றம் செய்தீர்கள் என்று பார்ப்பது அவரின் வேலை. பிள்ளையாரை நிறுத்துவது எங்களால் ஏலாத காரியம் என்பதால் இடத்தை மட்டும் மாற்றியிருந்தோம். இப்போது அவர் கேற்றுக்கு வெளியே, கொப்பி மேசைக்கு முன்னால், ஒரு செங்கல்லின் மேல் இருப்பார். கொள்கலனுக்கும் அவருக்கும் இடையில் என் கதிரை. மிஸ் கொப்பியைப் புரட்டினார். முந்தின நாள் ஏற்றிய அடுத்த கொள்கலனுக்கான பக்கத்தில் விரல் நின்றது.

வந்தவர்: பிள்ளையார். வந்த நோக்கம்: நல்ல நேரம். வந்த நேரம், போன நேரம் இரண்டும் எழுதியிருந்தேன். அடையாள அட்டை என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

மிஸ் கடைசி நிரலைக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது.

"விருந்தாளிய ஆர் கூட்டிட்டுப் போய் வெளிய விட்டது? அத எழுதல்லையே."

"மாமி, மிஸ். கிணத்தடிக்கு."

"அப்ப எழுதுங்க" என்று தன் பேனையை நீட்டினார்.

எழுதினேன். மாமி வந்து, வெற்றிலை துப்பப் போன நேரத்துக்கே ஒருநாளும் கையெழுத்து வைக்காத அந்த மாமி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மிஸ் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, மூடிய கொப்பியை என்னிடம் தந்தார். பின்வேலிக்கு அப்பால் நின்று பசு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை.